சீனப் பலகையில் மாமாவின் பெயர்

பாரிசின் லாச்சப்பலில் வளர்ந்த நமக்கெல்லாம் பத்துப் பதினொரு வயதிலேயே ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? சம்பளமில்லாத உத்தியோகம். விசாப் பதிகிற பிரெபெக்சர், தபால் கந்தோர், டொக்டர், எங்கே போனாலும் பெரியவர்களுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடுவில் நின்று கதைக்கவேண்டும். உங்களில் ஒருத்தி தாயின் கர்ப்பப்பை வருத்தத்தையே டொக்டருக்கு விளக்கினாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமலே விளக்கினாளாம். இப்போது ஐம்பதைத் தொட்டுக்கொண்டு இருக்கிறோம். அந்த நாளில் நாம் எதைச் சரியாகச் சொன்னோம், எதைப் பிழையாகச் சொன்னோம் என்று எவராவது கணக்குப் பார்த்திருக்கிறோமா?

நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எத்தனை தரம் பார்த்தாலும் விடை மாறிக்கொண்டே இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வீட்டில் மாமாவுக்கு இரண்டு பெயர். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வீட்டுப் பெயர் ஒன்று, காட்டுப் பெயர் ஒன்று. காட்டு என்றதும் வனத்தை நினைக்காதீர்கள், காட் என்றால் அகதி அடையாள அட்டை, அதில் இருந்த பெயர். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட நேரத்தில் கைவசம் சரியான பத்திரம் இல்லை. கூடப் படித்த சிநேகிதர் தன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கொடுத்தார். அதை வைத்துத்தான் மாமா பிரான்சில் பதிந்தார். இரண்டு வருடம் கழித்து அந்தச் சிநேகிதரே இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய பெயரில்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே! அவர் வேறு யாருடைய பெயரிலோ பதிந்தார். தன் சட்டையை மற்றவனுக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவன் சட்டையைப் போட்டுக்கொண்ட கதைதான். ஆனால் நம் ஆட்களிடையே அவர் தன் சொந்தப் பெயரோடேயே இருந்தார். வீட்டில் நாங்கள் அவரைப் பெயர்க்காரர் என்று சொல்வோம்.

பெயர்க்காரர் வேதக்காரர், நாங்கள் சைவம். அதனால் மாமாவுக்குக் காட்டில் ஒரு புனிதரின் பெயர் கிடைத்திருந்தது. மாமா கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி வருடா வருடம் அந்தப் புனிதரின் நாளில் அவருக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு கேக் துண்டும் கொடுத்துவிடுவார். திருநீறு பூசிய நெற்றியோடு மாமா அதைக் கொண்டுவந்து எனக்குத் தருவார். நான் தின்பேன். அந்தக் கேக்குக்காகவே மாமா காலம் முழுக்க அந்தப் பெயரில் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் இந்த விஷயத்தில் விளையாட்டு இல்லை. பாடசாலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் ஒரே பாடம்.

"வெளியாலை ஆர் கேட்டாலும் காட்டிலை இருக்கிற பேர்தான். பொலிஸ் கேட்டாலும் அதுதான், ரீச்சர் கேட்டாலும் அதுதான். விளங்கிச்சுதோ?"

சாமி கேட்டால் என்று ஒருநாள் நான் கேட்டதற்கு, சாமிக்குத் தெரியும், வாயை மூடு என்றார். ஒரு மொட்டைக் கடிதம் போதும், காட்டைப் பறித்துக்கொண்டு பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் அந்த வீட்டுச் சுவர்களில் ஈரம் மாதிரி இருந்தது.

இப்போது மாமாவின் பைத்தியத்துக்கு வருகிறேன். குங்ஃபூ. ஊரில் டியூசன் வகுப்பு நடக்கிற ஒரு டியூட்டரியின் பின்பக்கம் கொஞ்சம் கராட்டி பழகியிருக்கிறார். பாரிசுக்கு வந்தபின் அது முற்றிவிட்டது. உணவகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் மூன்று மணித்தியாலம் விடுவார்கள் அல்லவா, மற்றவர்கள் அந்த நேரத்தில் நித்திரை கொள்வார்கள், சீட்டு விளையாடுவார்கள். மாமா பஜோல் வீதிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஒற்றை அறைக்கு வந்து மெத்தையைச் சுவரோடு நிமிர்த்திவிட்டு, குதிரையில் இருப்பவர் மாதிரி முழங்காலை மடக்கி நின்றுவிடுவார். ஊதுபத்தி ஒன்று எரிந்து முடியும்வரை நிற்கவேண்டும். தொடை நடுங்கும். வியர்வை மூக்கு நுனியால் சொட்டும். நான் எதிரே இருந்து பிரெஞ்சு வினைச்சொற்களைப் பாடமாக்குவேன். சவர்க்காரத்தில் ஊறி வெளிறிப்போன அவருடைய விரல்கள் முன்னே நீட்டியபடி அசையாமல் இருக்கும். இன்றைக்கும் சில வினைச்சொற்களைச் சொன்னால் எனக்கு ஊதுபத்தி மணக்கிறது.

உதைப்பதும் குத்துவதும் அவருக்கு இரண்டாம்பட்சம். வித்தை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதுதான் முக்கியம். நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று வைத்திருந்தார். அதில் குரு, குருவின் குரு, அவருக்கும் குரு என்று மேலிருந்து கீழே கோடு கீறி எழுதியிருக்கும். கொக்கு முறை ஒரு பக்கம், புலி முறை ஒரு பக்கம். சீனப் பெயர்களைத் தமிழில் எழுதி, சந்தேகமானவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பார். அம்மா சிரிப்பார். புதிதாக ஒருவரைக் கண்டால் எந்த ஊர், ஆருடைய மகன், தகப்பன் என்ன செய்தவர் என்று மூன்று தலைமுறை விசாரிக்கிற யாழ்ப்பாணத்தான் புத்திதானே, சீனனையும் விட்டுவைக்கவில்லை என்பார். அம்மா பகிடியாகச் சொன்னாலும் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். பெயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த மனிதருக்கு யார் யாருடைய பிள்ளை என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? அல்லது இது நான் இப்போது கட்டுகிற கதையோ, தெரியவில்லை.

எனக்குப் பதினொரு வயது நடந்த வருட வேனில் விடுமுறையில்தான் சீன மாஸ்டர் அகப்பட்டார். பதின்மூன்றாம் வட்டாரத்தில் உயர்ந்த அடுக்குமாடி ஒன்றின் நிலக்கீழ் அறையில் படிப்பித்தார். கம்போடியாவிலிருந்து அகதியாக வந்த சீனர். அவருக்கு பிரெஞ்சு மாமாவைவிட மோசம். அதனால் அவர் பக்கத்திலும் ஒரு பிள்ளை நின்றது, அவருடைய மகள். என் வயது, நெற்றிக்கு நேராக வெட்டிய முடி. மாஸ்டர் சீனத்தில் மகளிடம் சொல்வார், மகள் பிரெஞ்சில் எனக்குச் சொல்வாள், நான் தமிழில் மாமாவுக்குச் சொல்வேன். பதில் அதே வழியால் திரும்பிப் போகும். இடுப்பை இன்னும் பதி என்கிற ஒரு சொல் மூன்று மொழி தாண்டி வரும்வரை மாமா கால் நடுங்க நிற்பார். நாங்கள் இரண்டு பேரும் அவசரப்படமாட்டோம். எங்களுக்கு அது அதிகாரம்.

அந்த அறையில் மூலிகைச் சாராய மணம். அடிபட்ட இடத்தில் தேய்க்கிற மருந்து போத்தல் போத்தலாக நின்றது. சுவரில் கறுத்த மரப்பலகை ஒன்று. அதில் வரிசை வரிசையாகப் பெயர்கள், சீன எழுத்தில் பெரிதாகவும் அதன்கீழ் பிரெஞ்சு எழுத்தில் சிறிதாகவும். சில பெயர்களின்மேல் மெல்லிய சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது, பெயர் அதற்குள்ளால் மங்கலாகத் தெரியும். அவர்கள் உயிரோடு இருப்பவர்கள் என்று மகள் எனக்குச் சொன்னாள். ஆள் இறந்தால் தாளை எடுத்துவிடுவார்களாம். மாமா அந்தப் பலகையை முதன்முதல் பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனார். கொப்பியில் அவர் கேள்விக்குறி போட்டிருந்த பெயர்கள் இரண்டு அதில் இருந்தன.

சீடனாக ஏற்றுக்கொள்கிற நாள் வந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, முழங்காலில் நின்று, தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தார். மாஸ்டர் அதை வாங்கிக் குடித்தால் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். குடிக்கமுதல் மாஸ்டர் ஏதோ கேட்டார். பலகையில் எழுதுவதற்கு இவருடைய தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று அப்பா கேட்கிறார் என்றாள் மகள்.

நான் மாமாவிடம் கேட்கவில்லை. வெளியாலை ஆர் கேட்டாலும். எனக்குத்தான் பாடம் தண்ணீர்பட்ட பாடாயிற்றே. நிமிர்ந்து நின்று, காட்டுப் பெயரைப் புனிதரின் பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னேன். மாமாவுக்கு பிரெஞ்சு விளங்காவிட்டாலும் அந்தப் பெயர் விளங்கும். கிண்ணம் அசைந்து கொஞ்சம் தேநீர் அவர் தலையில் ஊற்றுப்பட்டது. வாய் திறக்கக்கூடாத நேரம். மாஸ்டர் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது மெத்ரோவில் மாமா யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்குச் சொன்னால் மெச்சுவார் என்ற சந்தோஷத்தில் நான் இருந்தேன். கார் து நோர் ஸ்டேஷன் வந்து இறங்கும்போதுதான் சொன்னார்.

"என்னைக் கேட்டிட்டுச் சொல்லியிருக்கலாம், பிள்ளை."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அம்மா சொன்னபடி செய்தது பிழையென்றால் அம்மா பிழையா? அடுத்த கிழமை பலகையில் கடைசி வரிசையில் அந்தப் பெயர் ஏறியிருந்தது, மேலே புத்தம் புதுச் சிவப்புத் தாளோடு. மாமா அதற்குக் கீழே நின்று பழகினார். ஆனால் அதை நிமிர்ந்து பார்த்ததை நான் காணவில்லை. நேரம் வரும்போது மாஸ்டரிடம் சொல்வோம் என்றார் ஒருமுறை. நேரம் எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை.

மரங்கள் இலை கொட்டி முடிந்த நேரம் பெயர்க்காரருக்கு வருத்தம் கண்டது. ஈரல் என்றார்கள். ஊரில் மனைவி, இங்கே தனி ஆள். மாமாதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தார். மூன்று கிழமை பழகப் போகவில்லை. பிறகு ஒரு காலை, மாமா என்னைப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது ஃபொபூர் சேன்-தெனி வீதித் தமிழ்க் கடைக் கண்ணாடியில் பெயர்க்காரரின் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. தமிழில் பெரிதாகப் பெயர், கீழே பிரெஞ்சில் பெயரும் தேவாலய முகவரியும். போட்டோக்கொப்பி எடுத்ததில் முகம் கறுப்பாகி மீசை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நாளில் நம் ஆண்களை மீசையை வைத்து ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? மாமா அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். சிநேகிதன் செத்ததற்கு அழுகிறாரா, தன் காட்டில் இருக்கிற பெயர் செத்ததைப் பார்த்துத் திகைக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. காலம்பற என்ன குளிர், உள்ளே வா என்று கடைக்காரர்தான் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்த் தேத்தண்ணி கொடுத்தார்.

அந்தக் கடைக்கு அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் மாஸ்டரின் மாணவன் என்பது எங்களுக்குத் தெரியாது. தமிழ் அவனுக்கு வாசிக்கத் தெரியாது, பிரெஞ்சு எழுத்துத் தெரியும். பலகையின் கடைசிப் பெயர். மூன்று கிழமையாக ஆளும் வரவில்லை. அவன் என்ன நினைப்பான்?

தேவாலயத்தில் பூசை முடிந்து, மூடிய பெட்டிக்குத் தீர்த்தம் தெளிக்க வரிசை போய்க்கொண்டிருந்தது. பெயர்க்காரருக்கு இங்கே நெருங்கிய உறவு இல்லாதபடியால் மாமா பெட்டியின் தலைமாட்டில் நின்றார். நான் பக்கத்தில். வரிசையின் முடிவில் பத்துப் பேர் வெள்ளைச் சட்டையும் கையில் கட்டிய வெள்ளைத் துணியுமாக வந்தார்கள். முன்னால் மாஸ்டர், கையில் ஊதுபத்தி. அருகில் மகள். தாங்கள் அழ வந்த மனிதர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதை மாஸ்டர் கண்டார். ஊதுபத்தியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. சிரிப்பு வருகிற இடம்தான் இது, எனக்கும் இப்போது வருகிறது. அன்றைக்கு எவரும் சிரிக்கவில்லை.

பெட்டிக்குள் இருப்பது யார் என்று அப்பா கேட்கிறார் என்றாள் மகள். இந்தமுறை நான் மாமாவிடம் கேட்டேன். நன்றாகக் கேட்டேன். மாமா உதடு அசையாமல் சொன்னார்.

"ஒரே பேரிலை ரெண்டு பேர் எண்டு சொல்லு."

அதைத்தான் நான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு அந்தப் பலகையும் தலையில் ஊற்றுப்பட்ட தேநீரும் நினைவுக்கு வந்தன. நான் கெடுத்ததை நான்தான் திருத்தவேண்டும், இதைவிட்டால் நேரம் இல்லை என்று நினைத்தேன். உங்கள் பலகையில் இருப்பவர்தான் பெட்டிக்குள் இருக்கிறார், அது அவர் கொடுத்த பெயர், என் மாமாவின் பெயர் இதுதான் என்று அவருடைய வீட்டுப் பெயரைத் தகப்பன் பெயரோடு உரக்கச் சொன்னேன். தேவாலயத்தில் சொன்னால் எதுவும் பெரிதாகத்தான் கேட்கும். தமிழர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா எனக்கு அறைந்தார். என் சீவியத்தில் அவர் என்மேல் கை வைத்தது அந்த ஒருமுறைதான். கோப்பை கழுவிய கை, குங்ஃபூக் கை, இரண்டும் ஒன்றாக விழுந்தது.

மாஸ்டர் சீனத்தில் ஏதோ ஒரு வசனம் சொன்னார். மகள் அதை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கிற நிலையில் இல்லை. பிறகு பத்துப் பேரும் பெட்டிக்கு மூன்றுமுறை இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார்கள். தீர்த்தச் செம்புக்குப் பக்கத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

மாஸ்டரின் இடத்துக்கு மாமா அதற்குப்பிறகு போகவே இல்லை. ஏன் போகவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மொட்டைக் கடிதத்துக்குப் பயம் என்றார் அம்மா. குருவுக்குப் பொய்ப் பெயர் கொடுத்தவன் எந்த முகத்தோடு போவான் என்றார் என் அப்பா. சீனன் பலகையைத் தூக்கி எறிந்திருப்பான், போனால் உதை விழும் என்று கடையில் கதைத்தார்கள். போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மொட்டைக் கடிதம் எதுவும் வரவில்லை. நான் கேட்டபோது மாமா, இடுப்பு நோகுது பிள்ளை என்றார். இடுப்பு நோகிற மனிதர் அதற்குப்பிறகு முப்பது வருடத்துக்குமேல் காலமை எழும்பிக் குதிரை நிலையில் நின்றாரே! நாங்கள் பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லுக்கு வீடு மாறியபோது அவரும் பக்கத்துக் கட்டிடத்துக்கு வந்தார். கார் நிறுத்துகிற இடத்தில் விடியப்புறம் அவர் கொக்கு முறையில் கை விரிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் அந்தக் கட்டிடத்துச் சனம் வேலைக்கு பஸ் பிடித்தது. நீலக் கொப்பி மட்டும் அந்த மாற்றத்தில் தொலைந்துபோனது. பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

பிறகும் குருமாரைத் தேடாமல் இல்லை. பெல்வீலில் ஒருவர், லியோனில் ஒருவர், காட்டுப் பெயரிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தபின் சீனாவுக்கே போய் இரண்டு மாதம். எல்லா இடத்திலும் பழகுவார், வம்சம் விசாரிப்பார். தேநீர் கொடுக்கிற நாள் என்று பேச்சு வந்தால் அதோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வீடு வீடாய்ப் போய்ப் பொம்பிளை பார்த்துவிட்டு ஒன்றையும் கட்டாமல் வருகிறவன் மாதிரி என்று அம்மா திட்டுவார். மாமா உண்மையிலேயே கலியாணமும் கட்டவில்லை, அது வேறு கதை.

போன மாரியில் மாமா போய்விட்டார். நித்திரையிலேயே. அறிவித்தலில் வீட்டுப் பெயரைப் பெரிதாகவும் காட்டுப் பெயரைக் கீழே சிறிதாகவும் போட்டோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. அடுத்த சனிக்கிழமை அறிவித்தலில் ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பதின்மூன்றாம் வட்டாரத்துக்குப் போனேன். இடம் இருக்காது என்றுதான் போனேன். இருந்தால் என்ன சொல்வது என்று யோசித்திருக்கவில்லை.

இருந்தது. அதே மூலிகைச் சாராய மணம். நெற்றிக்கு நேராக வெட்டிய முடி நரைத்திருந்தது, ஆனால் உடனே தெரிந்தது. அவள்தான் இப்போது படிப்பிக்கிறாள். அவளும் என்னை மட்டுக்கட்டிவிட்டாள். என்னைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

மாஸ்டரின் பெயரில் தாள் இல்லை. எங்கள் வரிசையில் ஓரிடத்தில் மரம் சீவப்பட்டுக் குழிந்திருந்தது. அந்தக் குழிக்குள் மாமாவின் வீட்டுப் பெயர், தகப்பன் பெயரோடு. அதன்மேல் சிவப்புத் தாள்.

தேவாலயத்தால் வந்த அன்றே அப்பா தன் கையால் சீவி எழுதினார் என்றாள். அன்றைக்கு அவர் சொன்னது என்ன என்று கேட்டேன். இத்தனை வருடமாக நான் கேட்காத கேள்வி. அவள் சொன்னாள்: "நம்முடைய ஆள் உயிரோடு இருக்கிறான். அவனுக்குப் பெயர் கொடுத்தவரைக் கும்பிட்டுவிட்டுப் போவோம் என்று சொன்னார்."

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. அவளே சொன்னாள். என் கன்னத்தில் விரல் பதிந்து கிடந்ததாம். அவளுக்கும் பதினொரு வயதுதானே, பயந்துவிட்டாளாம். அடுத்த வகுப்புக்கு மாமா வருவார்தானே, அப்போது சொல்லலாம் என்று இருந்தாளாம். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யார்மேல் வரவேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. முப்பது வருடத்துக்குமேல் மாமா கார்களுக்கு நடுவில் தனியாக நின்றிருக்கிறார். ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத் தூரத்தில் அவருடைய சொந்தப் பெயர் இருந்திருக்கிறது.

சிவப்புத் தாள் புதிதாக இருந்தது. சீனப் புதுவருடத்துக்கு ஒவ்வொரு முறையும் பழையதை உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவோம் என்றாள். தாளின் ஓரத்தை விரலால் தடவிச் சரிசெய்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அவர் சுகமாக இருக்கிறாரா என்று கேட்டாள்.

கைப்பைக்குள் அறிவித்தல் இருந்தது. கையும் பையில்தான் இருந்தது.

ஓம், சுகமாக இருக்கிறார் என்றேன். இந்தமுறையும் அவரைக் கேட்காமல்தான் சொன்னேன்.